முப்பது மாங்கன்றுகளும் என் அறிக்கையும்

என் உத்தியோக காலத்தில் நான் எழுதிய அறிக்கைகளில் ஒன்று சுத்தப் பொய். எழுதும்போது அது பொய் என்று எனக்கே தெரியாது.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்திருந்த சமயம். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் விவசாய உத்தியோகஸ்தனாகச் சேர்ந்திருந்தேன். வயது இருபத்துமூன்று. தலையில் பெரிய தொப்பி. (உள்ளே என்ன இருந்தது என்று கேட்காதீர்கள்.) ஆலங்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் மாந்தோப்புக் குத்தகைக்காரர்களைக் கூட்டி, ஒட்டு மாங்கன்றின் பெருமையை இரண்டு மணி நேரம் விளக்கினேன். நாலே வருஷத்தில் காய்க்கும் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். இனாமாகக் கொடுத்தும் கன்றை யாரும் தொடவில்லை. அறியாமை என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

அடைக்கி என்ற அம்மாள், கணவர் இறந்தபின் தனியாகக் குத்தகைத் தோப்பைப் பார்த்து வந்தவர், அவர் மட்டும் நான் கொண்டுபோயிருந்த முப்பது கன்றையும் வாங்கிக்கொண்டார். மாதிரித் தோப்பு உருவாகிவிட்டது என்று அன்றே அறிக்கை அனுப்பினேன்.

ஆறு மாதம் கழித்து மேலதிகாரி காரில் வந்து இறங்கினார். தோப்பில் பழைய மரங்கள்தான் நின்றன. அடைக்கியம்மாள் எங்களைத் தம் குடிசைக்குப் பின்னால் அழைத்துப்போனார். விரிசல் விட்ட பானை, வாய் உடைந்த குடம், ஓட்டைத் தகர டப்பா என்று முப்பதிலும் என் கன்றுகள், வாடாமல் வரிசையாக.

தரையில் ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன்.

"குத்தகை வருசா வருசந்தானுங்க ஐயா. மரத்த வச்சா நெலத்துல பாத்தியத கேப்பேன்னு என்னையக் கெளப்பிவிட்ருவாங்க. நீங்க அந்த வெயில்ல தொண்ட வத்தப் பேசுனீங்க. மனசு கேக்கல, வாங்கிட்டேன்."

அதிகாரி காரில் ஏறினார். என்னை ஏற்றிக்கொள்ளவில்லை. ஆலங்குடி வரை நடந்தேன். வழியெல்லாம் அன்று தலையாட்டியவர்களின் முகங்கள்தான். அவர்களில் ஒருவரிடமாவது நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேனா என்று யோசித்தேன். கேட்கவில்லை.

மறுநாள் நிலச் சொந்தக்காரரிடம் போய், அந்த அம்மாளுக்குப் பத்து வருஷக் குத்தகை எழுதித் தரும்படி கெஞ்சினேன். காபி கொடுத்தார், கையெழுத்துக் கொடுக்கவில்லை. அடுத்த வருஷம் குத்தகை வேறொருவருக்குப் போயிற்று. அடைக்கியம்மாள் பிழைத்திருந்த பதினோரு கன்றுகளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். தம்பியின் சொந்த நிலத்தில் பதினோரு குழிகளையும் நானே வெட்டினேன். கை கொப்புளித்துவிட்டது.

இன்றைக்கும் யாருக்காவது நான் யோசனை சொல்ல வாயைத் திறந்தால் என் மகள் குறுக்கிடுவாள்: "அப்பா, அவுங்க இருக்கிறது தரையிலயா, சட்டியிலயா? மொதல்ல அதக் கேளுங்க."

வீடே சிரிக்கும். நான் கேட்டுவிட்டுத்தான் பேசுவேன்.