பக்குவமாகச் சொல்லவும்

அலமாரிகள் திங்கட்கிழமைக்குத் தயாராகாது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அதைப் பல் டாக்டரம்மாவிடம் யார் சொல்வது என்பதில்தான் மரப்பட்டறை முழுவதும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா புது கிளினிக் திறக்கிறார். கருவி அலமாரி, மருந்து அலமாரி, வரவேற்பு மேஜை எல்லாம் இங்கேதான் உருவாகின்றன. போன தடவை ஒரு கைப்பிடி கோணலாக இருந்ததற்கே அவர் நேரில் வந்து, குரலை உயர்த்தாமல், ஒவ்வொருவர் முகத்தையும் நிதானமாகப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார். பாலிஷ் அண்ணனுக்கு அன்றைக்கு இல்லாத பல்வலி வந்தது.

பட்டறையை நடத்திக்கொண்டிருந்தவர் முதலாளியின் மாப்பிள்ளை. வேலையாட்களிலிருந்து மரம் இறக்கும் லாரிக்காரர் வரை எல்லாரும் அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டதால், சொந்தப் பெயர் அவருக்கே பேங்கில் கையெழுத்துப் போடும்போதுதான் நினைவுக்கு வரும். மாமனார் முழங்கால் வலியால் வீட்டோடு உட்கார்ந்தபோது பட்டறையை அவரிடம் ஒப்படைத்தார். சும்மா இல்லை, பிடிக்காவிட்டால் திருப்பி வாங்கிக்கொள்கிற சாம்பிள் கணக்கில்.

"இந்த கிளினிக் வேலையை உங்க கம்ப்யூட்டர் வழியிலயே முடிச்சுக் காட்டுங்க மாப்ள. அந்தம்மா ஆர்டரை ரத்து பண்ணிட்டா, நான் பழையபடி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கத்திக்கறேன். நீங்க ஜன்னலுக்கு அளவெடுக்கப் போயிடுங்க."

கம்ப்யூட்டர் வழி என்பது மாப்பிள்ளை ஓர் இணைய வகுப்பில் கற்றது. வகுப்பு இலவசம். இலவசமாகக் கொடுக்கிறவனிடம்தான் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கடைத்தெருவில் வளர்ந்த எவரும் சொல்வார்கள். மாப்பிள்ளை கடைத்தெருவில் வளரவில்லை. ஒவ்வொரு வேலையும் இணையத்தில் ஒரு சீட்டு. யார் செய்ய வேண்டுமோ அவர் பெயரில் அது எல்லார் போனிலும் சிவப்பாகத் தெரியும். முடித்தவர் தொட்டால் பச்சை. நிர்வாகி வேலையைக் கொடுக்க வேண்டும், தன் தலையில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது அந்த வகுப்பில் அவருக்கு மிகவும் பிடித்த பாடம்.

எனவே ஒரு சீட்டு எழுதினார்: 'அலமாரி ஒரு வாரம் தாமதம் என்று டாக்டரம்மாவிடம் சொல்லவும். பக்குவமாகச் சொல்லவும்.' அதை மனைவியின் பெயரில் போட்டார். வாடிக்கையாளர்களோடு பேசுவது அவள்தானே.

"நல்ல சேதின்னா நீங்க சொல்வீங்க, கெட்ட சேதின்னா நானா?" என்று கேட்டுவிட்டு, அவள் அதைப் பாலிஷ் அண்ணன் பெயருக்குத் தள்ளினாள். பாலிஷ் அண்ணன் பட்டறை வண்டி டிரைவருக்குத் தள்ளினார். டிரைவர், வண்டி ஓட்டுகிறவன் வாயால் சொன்னால் பக்குவமாக இருக்காது என்று மறுபடியும் அவளுக்கே அனுப்பினார்.

மாப்பிள்ளை வகுப்புக் குறிப்புகளைப் புரட்டினார். வழி இருந்தது. ஒரு மணி நேரம் யாரும் தொடாத சீட்டு தானாகவே அடுத்தவர் பெயருக்குப் போய்விடும்படி ஒரு விதி போடலாம். போட்டார்.

தொடாமல் இருந்தாலே வேலை நம்மை விட்டுப் போய்விடும் என்பதைப் பட்டறை அன்று முற்பகலே கண்டுபிடித்துவிட்டது. அப்புறம் ஒருவரும் ஒரு சீட்டையும் தொடவில்லை. வண்டிக்குப் பஞ்சர் பார்க்கும் வேலை பாலிஷ் அண்ணனிடம் போனது. மேஜைக்கு வார்னிஷ் அடிக்கும் வேலை டிரைவரிடம் வந்தது. அவர் மட்டும் மனசாட்சிக்குப் பயந்து, பளபளவென்று, இழுப்பறைகள் திறக்காதபடி அடித்து வைத்தார். ஒரு வாரத் தாமதத்துக்கு அங்கேயே ஒரு குட்டி பிறந்தது.

அடுத்த விதி: சீட்டு யாரிடம் இருக்கிறதோ அவர் போன், தொடும்வரை விட்டு விட்டு மணியடிக்கும்.

மனைவி தன் போனைத் துணிகளுக்கு நடுவே பீரோவில் பூட்டினாள். டிரைவர் தன்னுடையதை வண்டியில் விட்டுவிட்டு இறங்கி நடந்தார். பாலிஷ் அண்ணன் மரத்தூள் மூட்டைக்குள் புதைத்தார். மத்தியானம் கோழிப்பண்ணைக்காரர் வழக்கம்போல மரத்தூள் வாங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டு, மூட்டைக்குள்ளிருந்து ஏதோ அலறுகிறது, கோழியெல்லாம் கூரை ஏறிவிட்டது என்றார். போனை மீட்கப் பாலிஷ் அண்ணனும் டிரைவரும் பண்ணைக்குப் போனதில் பட்டறையில் இருந்த ஒரே வேலையும் நின்றது.

ஜன்னல் அளவெடுக்கும் டேப் மாப்பிள்ளையின் கண்முன் நீளமாக விரிந்தது. மனைவியின் தம்பிக்குப் போன் போட்டார். அவன் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். எதைக் கேட்டாலும் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வான்.

"நாலு பேருக்குள்ளேயே சுத்தினா யாருக்கு அத்தான் கூச்சம் வரும்? ஆளுங்களைக் கூட்டுங்க. 'இந்த வேலையில் சம்பந்தப்பட்ட அனைவரையும் சேர்'னு ஒரு பட்டன் இருக்கு பாருங்க, அதை அமுக்குங்க. அத்தனை பேர் பார்க்கறப்போ எவனும் நழுவ மாட்டான்."

அமுக்கினார். அமுக்கிய பிறகுதான் சீட்டு அடுத்து யார் பெயரில் நிற்கிறது என்று பார்த்தார். மாமனார்.

"என்னங்க பண்ணீங்க?" என்று மனைவி ஓடி வந்தாள். "அம்மா பேசினாங்க. அப்பா போனைத் தூரத்துல வெச்சுட்டு, அதையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்காராம். காபியைக் கூடத் தொடலையாம்."

சீட்டை எப்படித் திரும்ப எடுப்பது என்று மாப்பிள்ளை தேடினார். வகுப்பில் அந்தப் பாடத்துக்குத்தான் காசு கேட்டிருந்தார்கள். கடைசியில், நானே போய்ச் சொல்லித் தொலைக்கிறேன் என்று சட்டையை மாற்றிக்கொண்டு வந்தவர், திரையைப் பார்த்து அப்படியே நின்றார்.

சீட்டு பச்சையாக இருந்தது. பச்சையானதும் அதிலிருந்து பெயர் போய்விடும்.

யாரோ சொல்லிவிட்டார்கள். கிணற்றில் விழுந்தவனைத் தூக்கிக் கரையில் போட்ட மாதிரி ஒரு மூச்சு வந்தது. மனைவி, நான் இல்லை என்றாள். பண்ணையிலிருந்து இறகும் கையுமாகத் திரும்பிய இருவரும் சத்தியம் செய்தார்கள். அந்த நேரம் பார்த்து மாமனார் தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

"நீங்கதானா மாமா சொன்னது?"

மாமனார் பச்சையைப் பார்த்தார். வரிசையாக நின்ற நன்றியுள்ள முகங்களையும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சொல்ற விதமா சொன்னா யாரு கோவிச்சுக்கப் போறாங்க?" நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "உங்க கம்ப்யூட்டரும் பரவாயில்லை மாப்ள. இருக்கட்டும். பட்டறையை நீங்களே பார்த்துக்குங்க."

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி அப்பாவுக்குச் சூடாகக் காபி போட்டுக் கொடுத்தாள். அதை அவர் வாயில் வைக்கும்போது வாசலில் டாக்டரம்மாவின் கார் வந்து நின்றது. பாலிஷ் அண்ணன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா மேஜையைப் பார்த்தார். திறக்காத இழுப்பறையை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

"ஒரு வாரம் என்ன, பத்து நாள்கூட எடுத்துக்குங்க. எங்க கிளினிக்ல தரையே இன்னும் காயலை. திங்கட்கிழமை அலமாரியை இறக்கிடாதீங்கன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு நானும் போனை எடுத்து எடுத்து வெச்சுட்டு இருந்தேன்."

பட்டறை மொத்தமும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டதில் மேஜை மேல் கிடந்த மரத்தூள் பறந்தது. மாமனார் மட்டும் காபியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தோஷத்தில் மாப்பிள்ளைக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மாமா சொன்னப்போ உங்களுக்குக் கொஞ்சமும் கோவம் வரலையாம்மா?"

"அவரா? எனக்கு யாருமே சொல்லலையே," என்றார் டாக்டரம்மா. "அந்த வேலை சுத்திச் சுத்தி என் பேருக்கே வந்துடுச்சு. கண்ணாடி முன்னாடி நின்னு, எனக்கு நானே பக்குவமா சொல்லிக்கிட்டு, பச்சையை அமுக்கிட்டேன்."