மாப்பிள்ளை காருக்கு மாமனார் பதித்த விளக்குகள்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உங்கள் அத்தையும் நலம், அவளுடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் நலமில்லை. அங்கே நீங்களும் மகளும் நல்ல உடம்போடும், வேலை செய்யும் இடத்தில் நல்ல பெயரோடும் இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கடிதத்தைக் கண்டதும் பதற வேண்டாம், நல்ல சேதிதான். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் "கார்" என்று ஆரம்பித்தாலே "என்ன ஆச்சு மாமா?" என்று குறுக்கே விழுந்துவிடுகிறீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி இல்லை.

கார் நலம்.

என் மகளை நான் உங்களை நம்பிக் கொடுத்தேன். உங்கள் காரை நீங்கள் என்னை நம்பிக் கொடுத்தீர்கள். இந்த இரண்டில் எந்த நாளில் கொடுத்தவர் முகத்தில் கலவரம் அதிகம் என்று அத்தையைக் கேட்டால் சொல்வாள். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிற அவசரத்திலும், எங்கள் வீட்டு ஷெட்டில் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை நிறுத்தி, உறை போட்டு, உறைமேல் கையை வைத்துக்கொண்டு, "மாமா, வருஷச் சோதனைக்கு மட்டும் ஒரு தடவை கொண்டுபோய்ச் சான்று வாங்கிடுங்க. இல்லேன்னா பதிவை ரத்து பண்ணிடுவாங்க, அப்புறம் இவ்வளவு பழைய வண்டிய மறுபடி ரோட்டுல விடவே மாட்டாங்க. வேற எதுவும் செய்ய வேணாம்" என்றீர்கள். மாப்பிள்ளை, இந்த வீட்டுக்கு நீங்கள் வந்ததிலிருந்து என்னிடம் கேட்ட முதல் உதவி அதுதான். அதற்குமுன் நாம் பேசியதெல்லாம் "சாப்பிட்டீங்களா மாமா", "ஆச்சு மாப்பிள்ளை", முடிந்தது. நானும் எத்தனையோ முறை பேச்சை வளர்க்கப் பார்த்திருக்கிறேன். நீங்கள் காரைப் பற்றிப் பேசுவீர்கள், எனக்கு ஒன்றும் புரியாது. நான் பல்லைப் பற்றிப் பேசுவேன், நீங்கள் கையால் வாயை மூடிக்கொள்வீர்கள். அதனால் இந்தச் சான்றை வாங்காமல் உங்கள் முகத்தில் விழிப்பதில்லை என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

சோதனை நிலையத்துக்குப் போனேன். பிரேக் சரி, புகை சரி, டயர் சரி. விளக்கைப் போடச் சொன்னார்கள். உங்கள் காருக்குத்தான் விளக்குகள் வெளியே இல்லையே, பானெட்டுக்குள் பதுங்கியிருந்து, சுவிட்சைத் தட்டினால் மூடியோடு எழும்ப வேண்டுமே. தட்டினேன். வலது பக்கம் எழுந்தது. இடது பக்கம் அசையவில்லை. திரும்பத் தட்டினேன். வலது இறங்கி மறுபடி எழுந்தது. சோதனை அதிகாரி ஒரு பெண்மணி. அவருக்கு நேர் எதிரே நின்றுகொண்டு உங்கள் கார் கண்ணடிக்கிறது. அவர் காரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் வயதுக்கு அந்தப் பார்வை அதிகம். "ரெண்டு விளக்கையும் ஒழுங்கா எரிய வச்சு, மாசம் முடியறதுக்குள்ள கொண்டு வாங்க. அதுக்கப்புறம் வந்தா பதிவு ரத்துதான், நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டார். மெக்கானிக்கிடம் போனால், மூடியைத் தூக்குகிற மோட்டார் செத்துவிட்டது, இப்போது யாரும் அதைச் செய்வதில்லை, எங்காவது பழசு கிடைத்தால் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வேறு காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

வேறொருவராக இருந்தால் அங்கேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பார். நான் வீட்டுக்கு வந்து, குழிக்குள் கையை விட்டு ஒரு தடவை தடவிப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. இது என் தொழில், மாப்பிள்ளை! ஓய்வு பெறும்வரை பல் செட் கட்டியவன் நான். ஆடுகிற பல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆடாத பல்லை வைப்பதுதானே? எழுவதும் விழுவதும்தான் கோளாறு என்றால் எழவே வேண்டாம். மூடியைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் புது விளக்கை நிலையாகப் பதித்து, அதன்மேல் கண்ணாடி மாதிரி ஓர் அக்ரிலிக் மூடியைக் காரின் முகப்போடு முகப்பாக, வளைவோடு வளைவாக, மேடு பள்ளம் தெரியாமல் உட்கார வைத்தால் ஆயிற்று. இந்த ஊரில் சிரிக்கிற வாயில் பாதி என் கைவேலை. அதை வைத்துக்கொண்டு தின்கிறார்கள், தும்முகிறார்கள், தெருவே கேட்கச் சண்டை போடுகிறார்கள், ஒருத்தருக்கும் கழன்று விழுந்ததில்லை. கார் தும்மக்கூடச் செய்யாது.

தகடு வெட்ட டிங்கரிங் பட்டறைக்காரரைக் கூட்டி வந்தேன். கட்டரைக் கையில் எடுத்தவர், "இது யார் வண்டி சார்?" என்றார்.

"மாப்பிள்ளை வண்டி."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா சந்தோஷப்படுவாரு."

கட்டரைக் கீழே வைத்துவிட்டார். "முதல் வெட்டு நீங்களே போட்டுக் குடுத்துடுங்க சார். எனக்கும் ஒரு மாப்பிள்ளை இருக்காரு."

போட்டேன். அதற்குமுன் மூக்குக் கண்ணாடியை மூன்று தடவை துடைத்துக்கொண்டேன். ஆனால் கோடு நேராகத்தான் போயிருக்கிறது, வந்து பாருங்கள்.

அடுத்தது அளவு. வாய்க்குள் அச்செடுக்க ஒரு பொடி உண்டு, தண்ணீரில் குழைத்து வைத்தால் சற்று நேரத்தில் ரப்பர் மாதிரி இறுகிவிடும். வாய்க்கு ஒரு கரண்டி போதும், உங்கள் காருக்கு ஒரு மூட்டை தேவைப்பட்டது. குழைக்கப் பாத்திரம் வேண்டுமே, அத்தை மாவு பிசைகிற பேசினைத்தான் எடுத்தேன், கேட்டால் தரமாட்டாள் என்பதால் கேட்கவில்லை. அந்தப் பொடியில் புதினா வாசனை சேர்த்திருப்பார்கள், வாய்க்கு இதமாக இருக்கட்டும் என்று. அன்றைக்கு ஷெட், கார், நான், பட்டறைக்காரர் எல்லாமே புதினா. குழிக்குள் அப்பிவிட்டு, ரெண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பழக்கதோஷத்தில், "இன்னும் கொஞ்ச நேரம்தாங்க, வாயை மட்டும் மூடிடாதீங்க" என்று சொல்லிவிட்டேன். பட்டறைக்காரர் என்னைவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். அச்சு மட்டும் அப்படி வந்தது! அதில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்தேன், உங்கள் காரின் மூக்கு முழுசாகச் சாப்பாட்டு மேசைமேல் உட்கார்ந்திருந்தது. அதற்குள் உள்ளேயிருந்து அத்தை, "ஏங்க, என் பேசின் எங்கே?" என்றாள். "வேலைல இருக்கு" என்றேன். அதற்குப் பிறகு அவள் பேசியதை எழுதுவது மரியாதையாக இருக்காது.

அக்ரிலிக் தகட்டைச் சூடாக்கி இளக்கி அந்த பிளாஸ்டர்மேல் போர்த்த வேண்டும். வீட்டில் அவ்வளவு பெரிய சூடு இருக்கிற இடம் அத்தையின் ஓவன் ஒன்றுதான். முதல் தகடு வேகும்போதுதான் மகள் போன் செய்தாள். "அப்பா, என்ன பண்றீங்க?" என்றாள். "சமையல்ல அம்மாவுக்கு ஒத்தாசை" என்றேன். அவளுக்கு ஆனந்தம் தாங்கவில்லை, பேசிக்கொண்டே இருந்தாள், நானும் பெருமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன், உள்ளே தகடு உருகி ஓவன் கம்பிமேல் துணி மாதிரி தொங்கிவிட்டது. எடுத்தால் வரிவரியாகக் கம்பி அடையாளம். அத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது விளக்கா, ஜெயில் ஜன்னலா?" என்றாள். அடுத்த தகடு அம்மை போட்ட மாதிரி கொப்பளித்துவிட்டது. அதற்கும் அடுத்ததற்கு அத்தையே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் போனைத் தொடாமல் பார்த்துக்கொண்டாள். அது கச்சிதமாக வந்தது. ஜோடியும் அப்படியே. இப்போது ஓவனில் எது வைத்தாலும் லேசாக பிளாஸ்டிக் வாசனை அடிக்கிறது, நாளாக நாளாகப் போய்விடும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

இங்கே ஒரு சின்ன விஷயம். நீங்கள் ரசனை உள்ளவர், புரிந்துகொள்வீர்கள். வயதானவர் வாயில் பளீரென்று வெள்ளைப் பல்லை வைத்தால் எட்டு வீடு தள்ளியிருந்து பார்த்தாலும் பொய்ப்பல் என்று தெரிந்துவிடும். நல்ல கைக்காரன் வயதுக்கு ஏற்ற மாதிரி துளி மஞ்சள் சேர்ப்பான், ஓரத்தில் காப்பிக் கறையைக்கூடத் தொட்டு வைப்பான். உங்கள் காருக்கும் வயதாயிற்று அல்லவா? அதனால் மூடிக்கு உள்பக்கம் லேசாக ஒரு மஞ்சள் கொடுத்தேன். அவ்வளவு இயற்கையாக இருந்தது! சோதனை நிலையத்துக்கு ஓட்டிக்கொண்டு போனால் அதே பெண்மணி, குனிந்து பார்த்துவிட்டு, "மூடி ரெண்டும் பழுத்துப் போச்சு சார். ரொம்பப் பழசு. புதுசு மாத்திட்டு வாங்க" என்றார். மாப்பிள்ளை, அதைச் செய்து முடித்துக் கை ஈரம்கூடக் காயவில்லை. நான் வாழ்க்கையில் வாங்கிய பாராட்டில் இதைவிடப் பெரியது கிடையாது. சான்று கிடைக்கவில்லை, ஆனால் வழியெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் ஓட்டினேன்.

வீட்டுக்கு வந்து நாட்காட்டியைப் பார்த்தால் மாதக் கடைசி நெருங்கிவிட்டிருந்தது. திரும்பவும் தகடு, திரும்பவும் ஓவன், திரும்பவும் அத்தை. இந்த முறை மஞ்சள் இல்லை, தண்ணீர் மாதிரி தெளிவு. விளக்கை மறுபடி பொருத்தும்போது மட்டும் ஒரு யோசனை. எந்த மனுஷ முகமும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, அப்படி இருந்தால் பொம்மை. ஆகவே இடது விளக்கை ஓர் இழை மேலே தூக்கி வைத்தேன். சாயங்காலம் எரியவிட்டுப் பார்த்தால் வலது வெளிச்சம் ரோட்டில், இடது வெளிச்சம் எதிர்வீட்டு மாடியில், வயலின் வாத்தியார் வகுப்பெடுக்கிற அறைக்குள். அவர் வில்லைக் கையில் பிடித்தபடியே கீழே வந்து, "சார், பிள்ளைங்க எல்லாம் மேடை வெளிச்சம்னு நெனச்சுப் பயந்து வாசிக்கவே மாட்டேங்குதுங்க" என்றார். அதே ஆளையே சுவருக்கு முன் நிற்க வைத்து, வில்லால் உயரம் காட்டச் சொல்லி, இரண்டையும் சமமாக்கிவிட்டேன்.

மறுநாள் போனேன். அந்த அதிகாரி காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். வெளிச்சத்தை இறக்கிப் பார்த்தார், ஏற்றிப் பார்த்தார், கருவியை முன்னே வைத்து அளந்து பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில், "யார்கிட்ட செஞ்சீங்க?" என்றார். "நான்தாம்மா" என்றேன். நம்பாமல் இன்னொரு தடவை குனிந்து பார்த்துவிட்டு முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். சான்று பீரோவில் உங்கள் கல்யாண போட்டோவுக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது.

கேட்காமல் வெட்டிவிட்டாரே என்று கோபம் வரும். வரட்டும், உங்கள் கார். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து காலையில் எழுந்தால் கைக்கு வேலை இல்லாமல் தவித்தவன், இந்த ஒரு மாதமாக விடிவதற்கு முன் எழுந்துகொள்கிறேன். அதைவிட, நீங்கள் வந்து அந்த மூடியைத் தடவிப் பார்த்துவிட்டு ஏதாவது ஒரு வார்த்தை கேட்பீர்கள், நானும் பதில் சொல்வேன் என்று நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. திட்டினாலும் பரவாயில்லை, கொஞ்சம் நீளமாகத் திட்டுங்கள்.

மகளுக்கு எங்கள் அன்பு. இருவரும் நோய்நொடி இல்லாமல், பொய்ப்பல் வைக்கத் தேவைப்படாத பற்களோடு, நூறு வயது வாழ ஆசீர்வாதம். காரைப் பற்றி இனி ஒரு துளிக் கவலையும் வேண்டாம். சாவியைத் திருப்பினால் கிளம்பும்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
மாமனார்

பின்குறிப்பு: கிளம்பாது. கையெழுத்துப் போட்டு ஒட்டுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை அழகு பார்க்கப் போனேன். மூடிக்கும் பானெட்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி கண்ணை உறுத்திக்கொண்டே இருந்ததால், சான்று வாங்கி வந்த அன்றே பல் செட்டுக்குப் போடுகிற அக்ரிலிக்கைக் குழைத்து இரண்டு பக்கமும் நிரப்பி, தேய்த்து, மெருகேற்றிவிட்டிருந்தேன். நகத்தை ஓட்டினால்கூடத் தட்டாது. அந்தப் பெருமையில் தெருவில் எல்லாரும் பார்க்கட்டும் என்று விளக்கை எரியவிட்டேன், அணைக்க மறந்துவிட்டேன், பேட்டரி படுத்துவிட்டது. பேட்டரி பானெட்டுக்கு உள்ளே இருக்கிறது. அப்போதுதான் அத்தை கேட்டாள், "எல்லாம் சரிங்க, இனிமே இந்த பானெட்டை எப்படித் திறக்கறது?" என்று. மூடி காரின் உடம்போடு நிற்பது, பானெட் தூக்கித் திறப்பது, இரண்டையும் நான் ஒட்டி ஒன்றாக்கிவிட்டிருந்தேன். அது திறக்கிற இடம் என்பதே எனக்குத் தோன்றவில்லை, மாப்பிள்ளை. பல் செட்டில் திறப்பது வாய்தானே. திறக்க ஒரே வழி, இரண்டு விளக்கையும் ரம்பத்தால் அறுத்து எடுப்பதுதான். எடுத்தால் சான்றுக்கு மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும். நான் ரம்பத்தை எடுப்பதற்குள் அத்தை மகளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களாம். போனை வாங்கிக்கொண்டு, பேசவே முடியாமல் சிரித்தீர்களாம். அப்புறம், "மாமாவ ரம்பத்தைத் தொட வேணாம்னு சொல்லுங்க அத்தை. நான் லீவு போட்டுட்டு வரேன், நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து அறுத்துட்டு, சேர்ந்தே புதுசா செஞ்சுக்கறோம்" என்றீர்களாம். சாவியைத் திருப்பினால் கிளம்பும் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படியுங்கள். "நாங்க ரெண்டு பேரும்" என்றுதான் சொன்னீர்களா என்று அத்தையைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் அவளுக்குக் கோபம் வந்து தூங்கப் போய்விட்டாள். நான் ஷெட்டைக் கூட்டி, உங்களுக்கும் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டேன். சீக்கிரம் வாங்க.