இறுக்க இறுக்க வந்த ஒயில்

எங்கள் மச்சான் இறுக்கிய எதையும் மருதமுனையில் எவரும் இதுவரை சுலபமாகக் கழற்றியதில்லை. கேள்விப்பட்ட கதையில்லை இது. லொறிக்குக் கீழே மல்லாந்து கிடந்து, பழைய எஞ்சின் ஒயிலை இறக்குவதற்காக அவர் இறுக்கிய ஒயில் நட்டோடு ஒரு காலை முழுக்க மல்லுக்கட்டியவன் சொல்கிறேன். ஸ்பேனரின் பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி, நானும் கராஜில் லொறி திருத்தும் பாஸும் சேர்ந்து உதைத்த உதையில் நட்டு ‘டக்’ என்று கழன்று ஒயில் சட்டிக்குள் விழுந்தது. அதன் பின்னாலேயே கறுத்த ஒயில் வந்து, என் முழங்கை வழியாக இறங்கி, அக்குளில் போய்த் தங்கியது. அந்த இடத்தில்தான் எனக்கு யோசனை வந்தது: கழற்றவே தேவையில்லாத ஒரு நட்டு இருந்தால் என்ன?

மச்சான் என்றால் என் ராத்தாவின், அதாவது அக்காவின், மாப்பிள்ளை. ஊருக்கு அவர் ‘இறுக்கன் காக்கா’, இறுக்குகிற அண்ணன். சொந்த ஊர் சம்மாந்துறை. வேளாண்மை வெட்டுக் காலத்தில் வயல் வட்டையிலிருந்து மில்லுக்கு நெல் ஏற்றும் லொறி ஒன்று வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியிருக்க வேண்டும். மற்ற மாப்பிள்ளைமார் வந்த முதல் கிழமை விருந்து சாப்பிடுவார்கள். இவர் ஸ்பேனரும் ஸ்குரூ டிரைவருமாக வீட்டைச் சுற்றி வந்தார். அந்தக் கிழமைக்குப் பிறகு எங்கள் வீட்டு யன்னல்கள் திறந்ததில்லை, கேற் மூடியதில்லை. கிணற்றடிக் குழாயைத் திறக்க உம்மா பக்கத்து வீட்டு ஆம்பிளைகளைக் கூப்பிட வேண்டியிருந்தது.

“மருமகனுக்கு நல்ல கைப் பெலன்” என்று வாப்பா சமாளிப்பார்.

“ஓம், பெலன்தான். நான் குளிச்சுத்தான் எத்தின நாளாகுது?” என்பார் உம்மா.

பள்ளிவாசலில் தொழுகைக்குமுன் அவர் கைகால் கழுவி வுழு எடுத்துவிட்டு மூடிய குழாயைப் பின்னால் வந்தவர்கள் வரிசையாக முயன்று பார்த்துத் தோற்றார்கள். கடைசியில் நிர்வாகத்தினர் ஓரத்துக் குழாய் ஒன்றை அவருக்கே ஒதுக்கிவிட்டார்கள். அதை அவர் மரியாதை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ராத்தா வீட்டில் சாரன் நெய்கிறவள். தறி கொஞ்சம் ஆடுகிறது என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். சொல்லியிருக்கக் கூடாது. மச்சான் இறுக்கிக் கொடுத்த தறியில் அடுத்து வந்த சாரன் பலகை மாதிரி இருந்தது. கழற்றி வைத்தால் சுவரில் சாய்ந்து நிற்கும். அதை வேறெவருக்கும் விற்க அவர் விடவில்லை. “தண்ணிகூட உள்ளுக்குப் போகாது மச்சான்” என்று என்னிடம் சொல்லித் தானே உடுத்திக்கொண்டு திரிந்தார்.

நான் கொழும்புக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனபோது உம்மா ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாய் தந்தார். பைக்குள் சிந்திவிடும் என்று மச்சான் மூடியை ஒருமுறை பார்த்தார். பார்த்தார் என்றால் இறுக்கினார் என்று அர்த்தம். தங்கியிருந்த அறையில் நானும் அறைத் தோழர்களும் முயன்றோம். கதவிடுக்கில் வைத்துத் திருகினோம். கதவின் பிணைச்சல் கழன்றது, மூடி அசையவில்லை. போன மாதிரியே போத்தல் என்னோடு ஊருக்குத் திரும்பி வந்தது. இப்போதும் உம்மாவின் குசினித் தட்டில் இருக்கிறது.

அந்தக் கைதான் லொறியின் ஒயில் நட்டையும் வருடக்கணக்காக இறுக்கிவந்தது. பாஸ் வினாயகபுரத்துக்காரர். அன்று கராஜில் ஒயில் சட்டிக்குள் கை விட்டு நட்டை எடுத்துத் துடைத்துப் பார்த்தவர், பிறகு லொறியில் நட்டு ஏறும் துளையின் மரையை விரலால் தடவிவிட்டுப் பக்கத்தில் நின்ற மச்சானிடம் சொன்னார்:

“காக்கா, மரை தேஞ்சு போய்க் கிடக்கு. இன்னும் ஒருக்கா நீங்க இறுக்கினா எல்லாம் உரிஞ்சிரும். மறுகா எஞ்சின்ட அடிச் சட்டியையே கழட்டிப் போட்டுட்டு நிக்க வேண்டியதுதான்.”

சம்மாந்துறை வட்டையில் வெட்டுத் தொடங்கியிருந்தது. இப்போது லொறி படுத்தால் மச்சானின் இந்தப் போகத்து வருமானமே போய்விடும். ஆனால் இறுக்காதே என்று அவரிடம் சொல்வது மீனிடம் நீந்தாதே என்று சொல்வதுதான்.

நான் நட்டை அளவுக்கு எடுத்துக்கொண்டு கல்முனை வாகன பாட்ஸ் கடைக்கு மோட்டார் சைக்கிளில் பறந்தேன். வாங்கி வந்தது, நட்டுக்குப் பதிலாக ஒரு வால்வு. ஒருமுறை பூட்டினால் அப்படியே இருக்கும். சிறு கைப்பிடியைத் தூக்கித் திருப்பினால் ஒயில் இறங்கும், பழையபடி திருப்பினால் நிற்கும். வீடியோவில் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்!

மச்சான் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “என்னடா இது? சாயத்தண்ணி ஊத்திக் குடிக்கிற பீப்பாக் குழாய் மாதிரிக் கிடக்கு.”

“ஸ்பேனரே தேவையில்ல மச்சான்.”

அதை அவர் யாரோ இறந்த மௌத்துச் செய்தி கேட்பதுபோலக் கேட்டார். “அப்ப எதுதான் இறுக்கிப் பிடிக்கிற?”

“உள்ளுக்கு ஓட்டை போட்ட குண்டு ஒண்டு இரிக்கி. அது திரும்பினா வழி அடைபடும்.”

“சும்மா திரும்பினா? இறுக்காம?”

“ஓம்.”

“பேய்க்கதை கதைக்காத.”

ஆனாலும் பூட்டச் சம்மதித்தார். பாஸ் கெட்டிக்காரர். மச்சானின் ஒரு கையில் டோர்ச்சையும் மறு கையில் இன்னொரு டோர்ச்சையும் கொடுத்து, “ரெண்டு பக்கத்தாலயும் வெளிச்சம் பிடிங்க காக்கா, அசைக்க வேணாம்” என்றார். பட்டப்பகல். மச்சானின் தோள்கள் துடித்தன, பல் நறநறத்தது. பாஸ் அளவாக ஒரு திருகுத் திருகி நிறுத்தினார்.

“இன்னுங் கொஞ்சம்…” என்றார் மச்சான்.

“காணும் காக்கா, இது போதும்.”

புது ஒயில் ஊற்றி மறுநாள் வட்டைக்குப் புறப்பட்டோம். நான் கண்டுபிடித்த வால்வல்லவா, நானும் தொற்றிக்கொண்டேன். சந்திக்குச் சந்தி நிறுத்தி மச்சான் கீழே புகுந்து பார்த்தார். ஒரு சொட்டும் இல்லை. அது அவரை இன்னும் கவலைப்படுத்தியது.

வட்டையில் வயலுக்குச் சொந்தக்காரரான போடியார் நெல்லை நிலத்தில் விரித்த தார்ப்பாய்ப் படங்கில் கொட்டி வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றார். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. “கெதியா ஏத்துங்க காக்கா, மழை வந்தா எண்ட நெல்லெல்லாம் போச்சு” என்றார். ஆட்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். மச்சான் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழே புகுந்தார், சும்மா ஒருக்கா பார்க்க.

கைப்பிடியில் விரல் பட்டது. அது இலேசாக ஆடியது. ஆட வேண்டியதுதான், தூக்கித் திருப்புவதற்காகவே உள்ளே ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆடுகிற ஒன்றை இறுக்காமல் விட்ட வரலாறு மச்சானுக்கு இல்லை.

“மச்சான்! ஓடி வா! இறுக்க இறுக்க வருது!” என்று கீழிருந்து என்னைக் கூப்பிட்டார்.

நான் குனிந்து பார்த்தபோது புது ஒயில் தேன் மாதிரிக் கொட்டிக்கொண்டிருந்தது. மச்சான் கைப்பிடியைத் திறக்கும் பக்கத்துக்கே உயிரைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். ஆட்களுக்குக் கொண்டுவந்த சாயத்தண்ணி வாளியில் மிஞ்சிய தேத்தண்ணியைக் கவிழ்த்து, வழித்துத் துடைத்து, ஒயிலுக்குக் கீழே தள்ளினேன்.

“இறுக்காதீங்க! கழட்டுங்க மச்சான், கழட்டுங்க!”

“வாற ஒயில நிப்பாட்டுறதுக்குக் கழட்டச் சொல்றான், கேட்டீங்களா போடியார்? இதுக்கா இவன படிக்க வெச்ச?”

“ஆர் சொன்னா என்ன காக்கா, கேளுங்க! மழை வருது!”

நான் ஊர்ந்து போய் அவர் முஷ்டியை விரிக்கப் பார்த்தேன். ஊறுகாய் மூடியே தேவலை. வாளி நிரம்பிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் காதுக்குள், “மச்சான், கண்ண மூடிட்டு ஒருக்கா, ஒரே ஒருக்கா, மத்தப் பக்கம்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடினார். “பிஸ்மில்லாஹ்” என்றார். வாழ்க்கையில் முதன்முதலாகத் தன் கையால் ஒன்றைத் தளர்த்தினார்.

ஒயில் நின்றது.

வாளியில் விழுந்ததை வடித்து மறுபடி ஊற்ற வேண்டும். மச்சான் பெருந்தன்மையோடு லொறிக்குள் இருந்த தன் பலகைச் சாரனை எடுத்து வந்து விரித்தார். ஊற்றினோம். சாரன் பொய் சொல்லவில்லை. மேலே குளமாக நின்ற ஒயில் கீழே ஒரு துளியும் இறங்கவில்லை. போடியார் தலையில் அடித்துக்கொண்டு தன் சால்வையை அவிழ்த்துத் தந்தார். அதில் வடித்து ஊற்றி, எஞ்சினுக்குள் ஒயில் அளக்கும் கோலை விட்டுப் பார்த்தோம். அளவு கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, ஓடக் காணும். கடைசி மூட்டை ஏறி, படங்கை மேலே இழுத்துக் கட்டியபோது முதல் துளி விழுந்தது. படங்குக் கயிற்றை மச்சான் கட்டினார். அதை எவரும் தடுக்கவில்லை.

திரும்பும் வழியில் அவர் ஒரு சந்தியிலும் நிறுத்தவில்லை. மில் வாசலில் மட்டும், “நல்ல சாமான்தான். ஆனா மனுசனக் குழப்புது” என்றார்.

இப்போது மச்சானுக்குப் புதுப் பெருமை. தனக்குக் கழற்றவும் தெரியும் என்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து ஊறுகாய்ப் போத்தலைத் தன் கையாலேயே திறந்து காட்டுவதாக உம்மாவிடம் சவால் விட்டிருக்கிறார். பாஸும் பார்க்க வருகிறாராம். உம்மா இப்போதே சோற்றுக்கு அரிசி அளந்து வைத்துவிட்டார். எனக்கென்னவோ அது திறக்காவிட்டாலும் பரவாயில்லை. கொழும்புவரை போய்த் திரும்பிய என் பைக்குள் அது ஒரு சொட்டும் சிந்தவில்லை.