கட்சி சேராத ஷரத்து சார்

என்னை ரூமைவிட்டு வெளியேற்றும் தீர்மானத்தை எழுதியவரே என் பையின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கூட நடந்து வந்தார். இன்னொரு காது என் கையில். பர் துபாயில் மீனா பஜாரைத் தாண்டி குபைபா பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம். வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. பஸ் ஏறினால் அல் ஐன். அங்கே பழைய கூட்டாளி ஒருவன் இருந்தான். இன்னும் இருக்கிறானா என்று தெரியாது.

பிறந்ததிலிருந்து எந்தப் பக்கமும் சாயாத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டென்றால், அது எங்கள் ஷரத்து சார். தூங்கும்போதுகூட மல்லாக்கத்தான் படுப்பார்.

ஊரில் சட்டசபைச் செயலகத்தில் சட்ட அதிகாரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். எம்எல்ஏக்களுக்கு மசோதாவும் திருத்தமும் எழுதிக் கொடுக்கிற வேலை. எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் ஒரே அக்கறையோடு எழுத வேண்டும், சொந்த அபிப்பிராயத்தை வெளியே விடக் கூடாது. பேச்சில் வரிக்கு வரி ஷரத்து வரும், அதனால் அந்தப் பெயர்.

"காலையில ஆளுங்கட்சிக்கு மசோதா எழுதுவேன். மத்தியானம் அதைக் கவுக்கிற திருத்தத்தை எதிர்க்கட்சிக்கு எழுதுவேன். சபையில ரெண்டு பேரும் அடிச்சுக்குவாங்க. ரெண்டும் என் வாக்கியம். கேக்க நல்லாயிருக்கும்" என்பார். அவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று கடைசிவரை அவர் மனைவிக்கே தெரியாதாம்.

ரிட்டயர் ஆனபின் ஷார்ஜாவில் இருக்கும் மகன் கூப்பிட்டான் என்று வந்தார். மகனுக்கும் மருமகளுக்கும் ஒருநாள் சண்டை. நீங்களே நியாயம் சொல்லுங்கள் என்று இருவரும் கேட்டிருக்கிறார்கள். அவர் சொல்லவில்லை. மகனின் நியாயத்தை ஒரு தாளிலும் மருமகளின் நியாயத்தை இன்னொரு தாளிலும் அழகாக எழுதிக் கொடுத்துவிட்டார். அதுவரை அரைகுறையாகச் சண்டை போட்டவர்கள் அதற்குப் பிறகு ஆதாரத்தோடு போட ஆரம்பித்தார்கள். சார் ஒரு டைப்பிங் சென்டரில் வேலை தேடிக்கொண்டு எங்கள் ரூமில் ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு, அதாவது பெட்ஸ்பேஸ், எடுத்துவிட்டார். விசா, வாடகை ஒப்பந்தம், மனு என்று எல்லாம் அடித்துக் கொடுக்கும் கடை அது. மனுக் கொடுப்பவருக்கும் எழுதுவார். அந்த மனு யார்மேலோ அவருக்கும் எழுதுவார்.

எங்கள் ரூமில் அடுக்குக் கட்டில்கள். சமையல் மாரியப்பன், திண்டுக்கல்காரன். அவன் வைக்கும் சாம்பாரை எல்லோரும் திட்டுவார்கள் அல்லது பாராட்டுவார்கள். சார் மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒருநாள் அவன் நேராகவே கேட்டுவிட்டான்.

"சார், நீங்க சொல்லுங்க. உப்பு எப்படி?"

"குறைவுன்னு சொல்றவங்களும் இருக்காங்க மாரியப்பா. போதும்னு சொல்றவங்களும் இருக்காங்க."

"உங்க நாக்கு என்ன சார் சொல்லுது?"

"அது உறுப்பினர் இல்ல. அதுக்குப் பேச அனுமதி இல்ல."

ஏசி விஷயத்தில்தான் அவருடைய கைவரிசை எங்களுக்குப் புரிந்தது. தச்சு வேலை சுயம்பு அண்ணனுக்கு ஏசி ஐஸ் மாதிரி வேண்டும். வெல்டர் முருகேசனுக்கு அது ஆகாது, மூக்கு ஒழுகும். சார் இரண்டு பேருக்கும் எழுதிக் கொடுத்தார். அவனவன் எதிராளியின் தாளை வாங்கிப் படித்தான். படித்த பிறகு சுயம்பு அண்ணன், பாவம் முருகேசன், ஏசியைக் குறைத்துவிடலாம் என்றார். முருகேசன் முடியவே முடியாது, அண்ணனுக்கு வேர்க்கும், கூட்டித்தான் வைக்க வேண்டும் என்றான். பழையபடி சண்டை, பக்கம் மட்டும் மாறிவிட்டது.

முக்கு கஃபடீரியாவில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடிய மேட்ச் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனது என் முட்டாள்தனம். சிக்ஸருக்கும் கை தட்டினார், விக்கெட்டுக்கும் கை தட்டினார். அன்றைக்கு இரண்டு தேசமும் ஒற்றுமையாக அவரை முறைத்தது.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். திருப்பூர், மும்பை, ஜுபைல் என்று சுற்றிவிட்டு வந்தவன். வேலை பார்த்த கம்பெனி மூடியதும் பகலெல்லாம் சைட் சைட்டாக அலைவேன். சாயங்காலம் சார் கடையிலிருந்து வந்ததும் இரண்டு பேரும் கடற்கழிப் பக்கம் நடப்போம். பாதி தூரம் அவர் எனக்குச் சட்டம் சொல்வார். மீதி தூரம் நான் கேட்ட மாதிரி நடிப்பேன்.

அப்போதுதான் வாட்ச்மேன் வந்து குண்டு போட்டான். இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது, ரூமில் ஆள் அதிகம், ஒருவரைக் குறைக்காவிட்டால் மொத்த ரூமும் காலி. ரூமுக்குப் பெரியவர் செல்வம் அண்ணன், மேஸ்திரி. அவர் கண் என்மேல் விழுந்தது. வேலையில்லாதவன் நான் ஒருத்தன்தானே. ஆனால் மனசு கேட்காமல் மீட்டிங் போட்டு முடிவெடுக்கலாம் என்றார். தீர்மானம் எழுத சாரைக் கேட்டார். சார் மறுப்பார் என்று நினைத்தேன். பேனா எடுத்தார்.

"அப்ப எனக்கும் எழுதுங்க சார்" என்றேன் கடுப்பில்.

"தாராளமா. உங்க தரப்புல முக்கியமான காரணம் என்ன?"

"எனக்குப் போக வேற இடம் இல்ல."

"அது காரணம் இல்ல, நிலைமை. இருந்தாலும் எழுதலாம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் இரண்டையும் அவரே படித்தார், ஒரே குரலில். போக இடமில்லாதவன் என்று தெரிந்தே கதவைச் சாத்துகிறவர், நாளைக்குத் தன் வேலை போனால் எந்தக் கதவைத் தட்டுவார் என்று என் பக்கம் கேட்டது. செல்வம் அண்ணன் துண்டால் மூக்கைத் துடைத்தார்.

அடுத்தது அவர் பக்கம். இங்கே படுக்கும் ஒவ்வொருவரையும் நம்பி ஊரில் ஓர் அடுப்பு எரிகிறது, இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் எல்லாம் ஒரே நாளில் அணையும், ஒருவர் விலகினால் ஓர் அடுப்பு மட்டும் கொஞ்ச நாள் காத்திருக்கும். கேட்டுக்கொண்டே இருந்தேன். சரிதானே என்று பட்டது.

ஓட்டெடுப்பில் செல்வம் அண்ணன் நான் இருக்கட்டும் என்று கை தூக்கினார். மாரியப்பனும் முருகேசனும் தூக்கினார்கள். மற்றவர்கள் போகட்டும் என்றார்கள். சாருக்கு ஓட்டு இல்லை, எழுதுகிறவனுக்குக் கிடையாதாம். இரண்டு பக்கமும் சமம். பாக்கி இருந்தது என் கை. நான் போகட்டும் என்று நானே தூக்கினேன். "அடப்பாவி" என்றான் மாரியப்பன்.

நடந்துகொண்டிருந்த இடத்துக்கு வருகிறேன்.

"சார், இப்ப யாரும் இல்ல. சொல்லுங்க. நான் போகணுமா, இருக்கணுமா? உங்க மனசுல என்ன?"

"ரெண்டு வாதமும் பலமா இருந்துச்சு."

வந்த கோபத்தில் என் பக்கத்துக் காதை விட்டுவிட்டேன். அவர் விடவில்லை. பை ஒரு பக்கமாகச் சரிந்து அவர் முழங்காலில் இடித்துக்கொண்டு தொங்கியது. கொஞ்ச தூரம் அப்படியே இழுத்துக்கொண்டு நடந்தார்.

"நம்ம சென்டர்ல ஓடியாடி வேலை பாக்க ஆள் தேடுறாங்க" என்றார் ரோட்டைப் பார்த்தபடி. "போகலாம். போகாமலும் இருக்கலாம். அது உங்க விருப்பம். சாவி எங்கிட்ட இருக்கு."

அன்றைக்கு அந்தக் கடைப் பெஞ்சில் படுத்தேன். காலையில் கடைக்காரர் வந்தார். மலையாளி, எல்லோருக்கும் இக்கா. நான் அவர்முன் போய் நின்று, எனக்கு என்னென்ன வேலை தெரியும் என்று ஆரம்பித்தேன். கையை அசைத்து நிறுத்தினார்.

"மோனே, இந்த மனுஷன் இத்தனை வருஷத்துல எங்கிட்ட நல்லது, கெட்டதுன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. டீயா காப்பியான்னு கேட்டா, உங்க இஷ்டம்னு சொல்வார். முந்தாநாள் வந்து, ஒரு ஆள் இருக்கான், நல்லவன், எடுத்துக்குங்கன்னாரு. அதுக்கு மேல நான் உங்கிட்ட என்ன கேக்க? சட்டையை மாத்திட்டு வா."

முந்தாநாள் என்றால் மீட்டிங்குக்கு முதல் நாள். சார் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையைக் குனிந்து தட்டிக்கொண்டிருந்தார்.

"கருத்து சொன்னீங்களாமே சார்?"

"கருத்து இல்ல. தகவல்."

எல்லா மேஜைக்கும் டீ கொண்டுபோய் வைப்பதுதான் என் முதல் வேலை. முதல் கிளாஸை அவர் முன்னால் வைத்தேன். ஒரு வாய் குடித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சர்க்கரை கொஞ்சம் கம்மி" என்றார்.

மாரியப்பனிடம் இதை நான் இதுவரை சொல்லவில்லை. தாங்க மாட்டான்.