காதோரத்து அதிகாரம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் தன் சொந்த வீட்டில் ஒரே ஒரு தடவை 'முடியாது' என்று சொல்லிவிடுவது என நரை மாஸ்டர் தீர்மானம் செய்தார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். அந்தச் சொல்லை அவர் இன்னும் வீட்டுக்குள் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை.

நரை மாஸ்டர் என்பது தொலைக்காட்சித் தொடர் எடுக்கிற இடத்தில் அவருக்கு வைத்த பெயர். மேக்கப் போட எத்தனை பேர் இருந்தாலும், ஒருவருக்கு வயசைக் கூட்ட வேண்டுமென்றால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். காலையில் முப்பத்திரண்டு வயசாக வந்து நாற்காலியில் உட்காருகிறவர், ஒன்பது மணிக்கு நாலு பேரன் பேத்தி எடுத்தவராக எழுந்து போவார். அவ்வளவு சுத்தமான கை.

அந்தக் கைக்கு ஒரு வாயும் இருந்தது. தினமும் சாப்பிட உட்கார்ந்ததும் மனைவிக்குப் பாடம் ஆரம்பமாகிவிடும்.

"நரைய இஷ்டத்துக்கு அப்பக் கூடாது. காதோரம் வெச்சா அதிகாரம். முதலாளி, ஜட்ஜு, கோவக்கார அப்பா. அவன் ஒரு வார்த்த பேசினா வீடே கிடுகிடுங்கும். உச்சந்தலையில வெச்சா வெறும் வயசு. பேசுவான், எவனும் கேக்க மாட்டான். புருவத்துல வெச்சா..."

"வெச்சா?"

"தீந்துது கதை. அவனுக்கு வசனமே கிடையாது. பக்கத்துல நாலு பேரு புடிச்சுக்கணும். எல்லாரு மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்."

"அப்படியா," என்பாள் மனைவி. பக்கத்தில் உட்கார்ந்து யாருடைய சட்டைக்கோ பட்டன் தைத்துக்கொண்டிருப்பாள். அவள் கேட்கிறாளா என்று மாஸ்டர் கவலைப்பட்டதில்லை. அவருக்குச் சொன்னால் போதும்.

இப்போது வம்பு மாடி அறையில் வந்தது. மாஸ்டருக்குப் பிறந்ததிலிருந்தே இருப்புக் கொள்ளாது. உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் விரல் தாளம் போடும். படுத்தால் எழுந்து தண்ணீர் குடிப்பார், குடித்துவிட்டு எதற்கு எழுந்தோம் என்று யோசிப்பார். பகல் முழுக்க அடுத்தவர் மூக்குக்கு நேரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் வீட்டுக்கு வந்தால் நடந்தாக வேண்டும். கீழே நடந்தால் மேஜை முட்டியில் இடிக்கும். மாடி அறையில் சுவருக்குச் சுவர் பதினோரு அடி எடுத்து வைக்கலாம். திரும்பிப் பதினோரு அடி. அந்தப் பதினோரு அடி போய்விட்டால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவர் நிஜமாகவே பயந்தார்.

"ஏங்க, மாடியில தையல் கிளாஸ் ஆரம்பிக்கறேன். ஆறு பேரு சேந்தாச்சு. ஞாயித்துக்கிழமை அண்ணன் மெஷினெல்லாம் கொண்டு வராரு."

"அப்ப நான் எங்க நடக்கறது?"

"தெருவுல நடங்க. நீளமாத்தான இருக்கு."

"தெருவுல எதிர்ல ஆள் வருமே."

"வந்தா வணக்கம் சொல்லுங்க."

"இத்தன நாளா சமையல்கட்டு மூலையில தைக்கலையா நீ?"

"தைச்சேன், ரெண்டு வருஷம். ஆறு மெஷின அடுப்பு மேலயா ஏத்தறது?"

மாஸ்டரின் கால் ஆடியது.

பேசி ஜெயிக்க முடியாது, பார்வையில் ஜெயிக்கலாம் என்று அன்றைக்கே முடிவு கட்டினார். திங்கட்கிழமை காலை, "இனிமே டை அடிக்கறதில்ல," என்று வீட்டில் அறிவித்தார். நிஜ நரை மெதுவாகத்தான் வரும். அது வருவதற்குள் மெஷின் வந்துவிடும். அதனால் குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, காதோரத்தில் நாளுக்கு நாலு கீற்று வெள்ளையைத் தானே ஏற்றினார். வியாழக்கிழமை அவர் ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். சனிக்கிழமை ஐகோர்ட் ஜட்ஜ்.

மனைவி பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு," என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதபோதுதான் உஷாராக இருக்க வேண்டும் என்பது பதினெட்டு வருஷப் பாடம். அன்றைக்கு மாஸ்டர் அந்தப் பாடத்தை மறந்தார்.

மீதியும் தயாராக இருந்தது. தொடரில் அதிகாரம் உள்ளவர் எப்போதும் மாடியிலிருந்துதான் இறங்குவார். மற்றவர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். கேமராகூடத் தரையில் படுத்துக்கொள்ளும். பாதிப் படியில் நின்று, கண்ணாடியைக் கழற்றி, ஒவ்வொருவராகப் பார்த்து, அப்புறம்தான் வாயைத் திறக்க வேண்டும். ஒரே வார்த்தை. எல்லாவற்றுக்கும் மேலே, அசையக் கூடாது. 'அசையறவன் வேலைக்காரன், அசையாதவன் முதலாளி' என்று டைரக்டர் மணிக்கு ஒருதரம் கத்துவார்.

அசையாமல் இருப்பதுதான் மாஸ்டருக்குக் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் மாடி அறை நாற்காலியில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார். முதலில் காலை நிறுத்தினார். பிறகு விரலை நிறுத்தினார். பிறந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருந்த உடம்பு முதல்முறையாக நின்றது. நின்றதும் தூங்கிவிட்டது.

வாசலில் மச்சான் குரல் கேட்டுத்தான் விழித்தார். கண்ணுக்கு மேலே ஏதோ ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்தார். துடைக்கக் கை போனது, மேக்கப் கலைந்துவிடுமே என்று தொழில் பழக்கம் தடுத்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

சாமான் ஏற்றும் வண்டி ஓட்டுகிற மச்சான், ஆறடி உயரம், கைக்கொரு தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் நின்றார். பக்கத்தில் மனைவி. இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். மாஸ்டர் பாதிப் படியில் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். இவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தொடரில் வருகிற மாதிரியே உள்ளுக்குள் ஏழு தரம் இடி இடித்தது.

"முடியாது," என்றார்.

அவர் எதிர்பார்த்ததைவிடப் பலன் அதிகமாக இருந்தது. மச்சான் இரண்டு மெஷினையும் அப்படியே கீழே வைத்தார். முகம் வெளிறிவிட்டது.

"என்ன மாப்பிள்ள, முடியலையா?"

"முடியலன்னு சொல்லல. முடியாதுன்னு சொன்னேன்."

"எப்படி முடியும்? இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டு எப்படி முடியும்?" இரண்டே எட்டில் மேலே வந்து அக்குளுக்குள் கை கொடுத்துவிட்டார்.

"நான்தான் சொன்னேனேண்ணா," என்றாள் மனைவி. "ஒரு வாரத்துல ஆளே மாறிட்டாரு. அவரா வாயத் தொறந்து சொல்லட்டும்னுதான் காத்திருந்தேன்."

"மச்சான், நான் என்ன சொல்றேன்னா, அந்த மாடி..."

"மாடியா? இனிமே அந்தப் பக்கமே போகக் கூடாது. படி ஏறவே கூடாது. நீ அந்த ரூம உன் கிளாசுக்கு எடுத்துக்கம்மா. இவருக்குக் கீழயே கட்டிலப் போடு."

மிச்சப் படிகளில் மாஸ்டரின் கால் தரையில் படவில்லை. நாற்காலியில் இறக்கி, கழுத்துவரை போர்வையைப் போர்த்தினார்கள். மச்சான் காதருகே குனிந்து, "தண்ணி... வேணுமா... மாப்பிள்ள..." என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்டார்.

எதிரே பீரோக் கண்ணாடி. அதில் ஒரு கிழவர் போர்வைக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்தார். மாஸ்டர் உற்றுப் பார்த்தார். காதோரம் அவர் வைத்த நரைதான். புருவம் அவர் வைத்ததில்லை. இரண்டு புருவமும் வெள்ளை வெளேர் என்று, ஒவ்வொரு முடியும் தனித்தனியாக, சின்ன பிரஷ்ஷால் எடுத்து விட்டிருந்தது. எங்கேயும் திட்டு இல்லை. பதினெட்டு வருஷத்தில் அவர் பாடம் எடுத்தது ஒரே ஒருத்திக்குத்தான். வேலை அவ்வளவு சுத்தமாக இருந்ததுதான் அவருக்கு இன்னும் வலித்தது.

'அது வெறும் பெயின்ட்' என்று சொல்லிவிடலாம். சொன்னால் காதோரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டிலேயே தனக்குத் தானே நரை வரைந்துகொண்ட கதையை மச்சான் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் வண்டியிலேயே கொண்டுபோய் இறக்குவார். மாஸ்டர் பெட்டிப் பாம்பாக அடங்கினார். ஆனால் முதல் மெஷின் படியேறும் சத்தம் கேட்டதும், போர்வைக்குள் கால் தானாக ஆட ஆரம்பித்தது.

"கால் எப்படி நடுங்குது பாரு," என்றார் மச்சான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஆறு மெஷினும் மேலே போயின. பதினோரு அடியும் போயிற்று. மச்சான் கிளம்பி வண்டிச் சத்தம் தெரு முனையைத் தாண்டியதும், மாஸ்டர் போர்வையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"எனக்கு எல்லாம் தெரியும். நான் மட்டும் இப்ப வாயத் தொறந்தேன்னா..."

மனைவி சாவகாசமாகக் கட்டைவிரலிலிருந்த வெள்ளையைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

"உக்காருங்க," என்றாள். "புருவம் நரைச்சவருக்கு வசனம் கிடையாது."