நஜ்லா டீச்சர் வதிவிட அட்டை கொண்ட காதை

வாழ்க நஜ்லா! ஏழு தலைமுறை முன்னோரை லெபனானின் திரிப்போலி மண்ணுக்கே உரமாக ஈந்த பெருங்குடியில் தோன்றியவள். ‘சட்டத்தின் முன் குடிமக்கள் அனைவரும் சமம்’ என்னும் திருவாசகத்தைப் பதினெட்டு ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி எழுதிச் சுண்ணப்பொடி பூத்த செங்கையினள். எகிப்திலிருந்து வந்த ரொட்டிக்காரன் ஸப்ரியைக் காதலித்துக் கைப்பிடித்த ஒரே குற்றத்தால், தன் வயிற்றில் பிறந்த மகளைத் தன் நாட்டுக்கே விருந்தாளியாக்கிவிட்ட வீரத்தாய்! பிள்ளைக்குக் குடியுரிமை தந்தைவழி மட்டுமே இறங்கும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

விருந்தாளிக்குப் பதினான்கு வயது, பெயர் லுஜைன். இவ்வூர் மருத்துவமனையில் பிறந்து, இவ்வூரைவிட்டு எங்கும் போகாதவள். அவளுடைய வதிவிட அனுமதி அன்றைய வெள்ளிக்கிழமையோடு உயிர்விட இருந்தது. புதிய அட்டை இல்லையேல் திங்கட்கிழமைப் பொதுத்தேர்வில் இடமில்லை என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அட்டை வழங்கும் அரசு அலுவலக ஜன்னலோ பன்னிரண்டு மணிக்கு அடைபடும்.

ஆகவே விடியலிலேயே, மகள் வலப்புறமும் கணவன் இடப்புறமும் வர, கோப்பினைக் கேடயமாய் மார்பில் அணைத்து நஜ்லா களம் புகுந்தாள். முழங்கைகள் வேலெனப் பாயும் அவ்வரிசையில், தோல்பை தாங்கிய தரகன் ஒருவன் இடியேறு போல் இடையில் நுழைந்தபோது, கடைசி பெஞ்சையும் நடுங்கவைக்கும் தன் வகுப்பறைக் குரலை அவள் ஒருமுறை உயர்த்தினாள். தரகன் மட்டுமன்று, அவனுக்கு முன்னால் நியாயமாக நின்ற மூவரும்கூடப் பின்வாங்கினர். பின்னால் நின்ற மூதாட்டி ஒருத்தி, இவ்வளவு பாடு எதற்கு, நாலு வருஷம் பொறுத்து ஒரு லெபனான் மாப்பிள்ளைக்குக் கட்டிவைத்தால் குடியுரிமை தானாக வீடு தேடி வருமே என்று அன்போடு குறுக்குவழி காட்டினாள். லுஜைன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜன்னலை எட்டியதும் திருமணச் சான்றுக்கு இரண்டு நகல் வேண்டுமென்றார் எழுத்தர். கையிலிருந்ததோ ஒன்று. நகலெடுக்கும் கடையிலோ மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர்காரன் தொழுகைக்குக் குளிக்கப் போயிருந்தான். கணை துரத்தும் கலைமான் எனத் தெருத்தெருவாய் ஓடிய ஸப்ரி, பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில், வியர்வையில் நனைந்த வெற்றித்தாளோடு மீண்டான்.

எழுத்தர் தாளைப் புரட்டியபடி, சட்டத்தின் பேரருளை எடுத்துரைத்தார்.

“டீச்சரம்மா, அப்பா அம்மா யாருன்னே தெரியாம வாசல்ல கெடந்த புள்ளைக்குக்கூட நம்ம நாட்டுல குடியுரிமை உண்டு. உங்க பொண்ணுக்கு அப்பா யாருன்னு தெரிஞ்சுபோச்சு. அதான் சிக்கல்.”

“வேணும்னா நான் கொஞ்ச நேரம் யாருன்னு தெரியாத ஆளா வெளிய நிக்கட்டுமா, உஸ்தாத்?” என்றான் ஸப்ரி, மிகுந்த பணிவோடு.

எழுத்தர் சிரித்தார். நஜ்லா சிரிக்கவில்லை. கைக்குழந்தையாயிருந்த லுஜைனை முதன்முதலாக இதே ஜன்னலுக்குத் தூக்கி வந்த நாளில், அடுத்த வருடம் சட்டத்தை மாற்றிவிடுவார்கள் என்று யாரோ சொன்னதை அவள் நம்பியிருந்தாள்.

படிவத்தில் ஒரு கட்டம் காலியாயிருந்தது. லுஜைன் பேனாவோடு தயங்கினாள்.

“தங்குவதன் நோக்கம்னு கேட்டிருக்கும்மா. என்ன எழுத?”

“எங்கம்மா வீடுன்னு எழுது.”

அப்படி எழுத முடியாதே என்று எழுத்தர் வாயெடுத்தார், நஜ்லாவின் முகத்தைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். முத்திரை உயர்ந்தது. மலைகள் நடுங்க, கடல் பின்வாங்க, வரிசையில் நின்றோர் பெருமூச்செறிய, ஊழிக்கால இடியென அது படிவத்தின்மீது இறங்கிற்று! ஓராண்டு! முழுதாய் ஓராண்டு, பெற்ற தாயின் வீட்டில் பெற்ற மகள் தங்கலாமென அரசு திருவுளம் கொண்டது! அச்சுப்பொறி உறுமி ஈன்ற அட்டையை இரு கைகளிலும் ஏந்தி, பகைவென்ற பேரரசியென வெயிலில் வெளிப்போந்தாள் நஜ்லா. கணவனும் மகளும் தோளோடு தோள் நெருங்கி அதை உற்றுப் பார்த்தனர்.

பிறந்த ஊர் கெய்ரோ என்று தப்பாக அடித்திருந்தார்கள்.