திரிந்த பால் இசைப்படை படிவத்தோடு பொருத படலம்

வாழ்க இங்வார். போர்லெங்கே ஊரின் உருக்காலை அனல்வாயில் முப்பத்தாறு ஆண்டு நின்றும் உருகாத நெஞ்சினன், செவிப்பறை கிழிக்கும் குரலினன், காதில் ஊக்கணிந்த காளை, ‘திரிந்த பால்’ என்னும் பங்க் இசைப்படையின் பாட்டுவேந்தன் வாழ்க.

‘எவனும் எனக்குத் தலைவனில்லை’ என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றில் அவன் முழங்கிய ஒற்றைப் பாட்டு ஊர்தோறும் இளைஞர் மன்றங்களின் கண்ணாடிகளை அதிர வைத்தது. இன்றும் போர்லெங்கேயில் குளிரில் வண்டி கிளம்பாதவர்கள் அதைத்தான் முணுமுணுக்கிறார்கள். அத்தகைய வீரனை வீழ்த்த வந்தது யானையுமன்று சேனையுமன்று, ஒரு தாள். மூவர் கூடிச் சத்தம் போட்டாலும் அது படிப்பே என்று பாடிப் பழக நிலவறையை இலவசமாய்த் தரும் கல்விச் சங்கம், ஆண்டுக்கொரு படிவம் கேட்கும். அதில் ‘குழுத் தலைவர் பெயர்’ என்றொரு கட்டம். நான்கு மணிக்குள் அது நிரம்பாவிட்டால் நிலவறை அக்கார்டியன் குழுவுக்குப் போய்விடும். எப்போதும் படிவம் கொண்டுபோகும் கிட்டார்க்காரி சோல்வேயோ இடுப்பெலும்பு மாற்றி மருத்துவமனையில் கிடந்தாள்.

சங்கத்து மேசை போர்க்களமாயிற்று. வேல் போல் கிடந்த பேனாவை இங்வார் தள்ள, முரசுக்காரன் ராக்னர் திருப்பித் தள்ள, கடிகாரமுள் கூற்றுவனின் குதிரையென விரைந்தது.

“நீ எழுதேன், ராக்னர்.”

“நான் எதுக்கு? அந்தப் பாட்டை என் மகன் முதுகு பூரா பச்சை குத்தியிருக்கான். அவன் மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

அலுவலகத்து உல்ரிக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “எதுக்கு மல்லுக்கட்டுறீங்க? போன வருஷம் எழுதின பேரையே எழுதுங்க.”

“போன வருஷமா? யாரு பேரு?” என்றான் இங்வார்.

கோப்பு வந்தது. நாற்பத்து மூன்று படிவங்கள். நாற்பத்து மூன்றிலும் தலைவர் கட்டத்தில் உருண்டை உருண்டையாய் ‘சோல்வேய்’. பயிலும் பாடம் என்ற கட்டத்தில் சில ஆண்டு ‘சத்தம்’, பல ஆண்டு ‘பொறுமை’.

அணை உடைந்தது போல், கொடிமரம் முறிந்தது போல், இங்வார் நாற்காலியில் சரிந்தான். பிறகு செல்பேசியை எடுத்தான்.

“பின்ன வேற யாரு போடுவா?” என்றாள் சோல்வேய் படுக்கையிலிருந்து. “நீங்க ரெண்டு பேரும் கொள்கை பேசிக்கிட்டிருந்தீங்க. யாருக்காவது ரூம் சூடா இருக்கணும்னு தோணணும்ல.”

முடிவணங்கா மன்னன், எவனும் தலைவனில்லை என்று மூன்று தலைமுறைக்கு முழங்கிய கோளரி, அந்தப் பேனாவை எடுத்துக் கட்டத்தில் தலைவி சோல்வேய் என்று தானே எழுதினான்.

உல்ரிக்கா படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு நாலு மணிக்கு ஆபீசைப் பூட்டினாள்.